சொல்யூஷன் கறை

டெம்போவை எடுக்க முடியவில்லை. முன்சக்கரத்தை ஒட்டித் தரையில் பாக்யலட்சுமி உட்கார்ந்துவிட்டாள். ஷூ கம்பெனியிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் அவளோடு ஓடிவந்த பத்துப் பதினைந்து பெண்கள் அவளைச் சுற்றி நின்றார்கள். வண்டியில் ஆறு மூட்டை, அத்தனையும் கிளை நூலகம் எடைக்குப் போடும் பழைய புத்தகங்கள்.

"எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டியே, எங்கள ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றாள் பாக்யலட்சுமி.

நூலகர் ஜாஸ்மின் கதவைத் திரும்பிப் பார்த்தாள். வேலைக்கு வந்து நான்கு மாதம்தான். கழிக்கப்போகும் புத்தகங்களின் பட்டியலை ஒரு மாதம் கதவில் ஒட்டித்தானே வைத்தாள்! யார் நின்று பார்த்தார்கள்? ஐந்து வருடமாக யாரும் இரவல் வாங்காதது, கறைபட்டது, கிழிந்தது, எல்லாம் கழிக்கலாம் என்பது விதி. இன்று வண்டி போகாவிட்டால் மேலிடத்தில் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். போனாலோ, இந்தப் பெண்கள் இனி நூலகப் படியேற மாட்டார்கள்.

டிரைவர் காசி ஹாரனை அழுத்தினான்.

"இன்னாய்யா, ஏத்திடுவியா? ஏத்திப் பாரு!" என்று கூட்டத்திலிருந்து சைரா எகிறினாள்.

"மூட்டைய இறக்குங்க," என்றாள் ஜாஸ்மின். "இவங்க கண்ணு முன்னாடியே பிரிக்கிறேன்."

முதல் மூட்டையிலேயே பத்தாம் வகுப்புக் கணக்கு வழிகாட்டி ஒன்று வந்தது. பக்க ஓரமெல்லாம் பழுப்புக் கறை. பாக்யலட்சுமி எழுந்து வந்து அதைப் பிடுங்கினாள். ஒரு கறையின் மேல் தன் கட்டைவிரலை வைத்தாள். கச்சிதமாகப் பொருந்தியது.

"தோல் ஒட்டுற சொல்யூஷன். சோப்பு போட்டாலும் போவாது. வீட்ல புக்கத் தொறக்க எங்க நேரம்? ஒரு வருஷமா மத்தியானம் இங்கயே உக்காந்து படிக்கிறேன், பிரைவேட்டா பரீட்ச எழுத. இதக் கழிக்கச் சொன்னது யாரு?"

அடக் கடவுளே! இவர்கள் அதிகம் புரட்டியதைத்தான் ஜாஸ்மின் பொறுக்கிப் பொறுக்கி மூட்டை கட்டியிருக்கிறாள். மேலிடத்து உத்தரவு என்று சொன்னால் தப்பித்துவிடலாம். வாய்வரை வந்துவிட்டது.

"நான்தான்க்கா," என்றாள். "இரவல் நோட்ட மட்டும் பாத்தேன். நீங்க வர்ற நேரத்துல நான் கதவத் தொறந்து வெச்சிட்டு சாப்பிடப் போய்டறேன். தப்பு என்னுது."

பாக்யலட்சுமி அவளை ஒரு நிமிடம் முறைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த மூட்டையின் கட்டை அவிழ்த்தாள்.

கம்பெனிச் சங்கு ஊதும்வரை எல்லோரும் சேர்ந்து பிரித்தார்கள். நான்கு மூட்டை அலமாரிக்கே திரும்பியது. "இதக் கரையான் படிச்சிட்ச்சு, நமக்கு எதுக்கு?" என்று சைராவே சிலதைக் கழித்துப் போட்டாள்.

"அடுத்த தபா எங்கள வெச்சினு கட்டு," என்றாள் பாக்யலட்சுமி. "நாளைலேர்ந்து சோத்தையும் இங்கயே எடுத்துனு வா."

மிச்சம் இரண்டு மூட்டை. காசி குனிவதற்குள் ஒன்றை அவளே தூக்கி டெம்போவில் போட்டாள்.