அக்கா ஓட்டிய பேருந்து

எங்கள் மாலை வகுப்பில் பதினோரு பேர். பகலில் ஆளுக்கொரு வேலை, மாலையில் இதழியல் படிப்பு. வாரம் ஒருமுறை இரண்டு பக்கத்தில் ஒரு செய்தித்தாள் போடுகிறோம். அதில் ஒரு விதி உண்டு. செய்தியில் வருபவர் எழுதுபவருக்கு உறவு என்றால், அதை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் நான் எழுதிய செய்தி, 'இதை எழுதுவது ஓட்டுநரின் தங்கை' என்றுதான் தொடங்கியது. அக்கா ஓட்டிய பேருந்து சந்தைத் திருப்பத்தில் ஒரு மருந்துக்கடையின் ஷட்டரை இடித்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. ஆனாலும் அக்காவைப் பணியிலிருந்து நிறுத்திவைத்து, வெள்ளிக்கிழமை விசாரணை என்று சொல்லிவிட்டார்கள். வேலை போனாலும் போகும்.

வேறு யாராவது எழுதட்டுமே என்று கேட்டுப் பார்த்தேன். எல்லோர் கையிலும் ஏற்கெனவே ஒரு செய்தி இருந்தது.

நான் எதையும் அளந்து செய்கிறவள். அக்கா பக்கம் ஒன்பது வரி, பணிமனை பக்கம் ஒன்பது வரி. திருப்பத்தில் கொஞ்சம் வேகமாக வந்துவிட்டதாக அக்காவே சொல்லியிருந்தாள், அதையும் சேர்த்தேன். ஒரு குறையும் இல்லை என்றுதான் தோன்றியது.

அந்த வாரம் பக்கத்தைச் சரிபார்த்தவர் எங்களோடு படிக்கும் நர்ஸ். படித்துவிட்டு, பிரேக் எப்படி இருந்தது என்று நான் விசாரிக்கவே இல்லையா என்று கேட்டார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. விசாரித்திருந்தேன். பிரேக் சரியில்லை என்று பணிமனையின் பழுதுப் பதிவேட்டில் மூன்று நாள் தொடர்ந்து அக்கா எழுதியிருந்ததைக் கண்ணாலேயே பார்த்திருந்தேன். போட்டால் அக்காவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பார்களே என்று பயந்து விட்டுவிட்டேன்.

"காய்ச்சல் என் தம்பிக்குன்னா, சார்ட்ல ஒரு டிகிரி குறைச்சா எழுதுவேன்?" என்றார் நர்ஸ்.

மறுநாள் பணிமனை மேலாளரைப் போய்ப் பார்த்தேன். மழுப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ பதிவேட்டைப் புரட்டி, அக்கா எழுதியதற்குக் கீழே இருந்த தன் கையெழுத்தைக் காட்டினார். உதிரி பாகம் வரவில்லை, மாற்று வண்டியும் இல்லை, அதையும் போடுங்கள் என்றார். போட்டேன். வரிக்கணக்கு கோணலாகிப்போனது. அப்படியே விட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே அக்கா அதைப் படித்தாள்.

"வேகமா வந்தேன்னு போட்டிருக்க."

"நீதானேக்கா சொன்ன."

அவள் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று எனக்கு எதிலும் கை ஓடவில்லை. நானே அவளைக் கவிழ்த்துவிட்டேனோ?

விசாரணையில் அந்தத் தாளை அக்காவே எடுத்து நீட்டியிருக்கிறாள். பதிவேட்டை வரவழைத்துப் பார்த்திருக்கிறார்கள். அக்காவுக்கு எச்சரிக்கையோடு வேலை திரும்பக் கிடைத்தது. பேருந்தைப் பழுதுபார்க்க அனுப்பினார்கள்.

திங்கட்கிழமை அக்கா ஓட்டிய வேறொரு பேருந்தில் வகுப்புக்குப் போனேன். கண்டக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, வண்டிக்கே கேட்கும்படி, "சொந்த அக்காவையே போட்டுக்குடுத்த ரிப்போர்ட்டர் இவங்கதானா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"ஆமா, என் தங்கச்சிதான். டிக்கெட் குடுத்துடுங்கண்ணே. சும்மா ஏத்திக்கிட்டுப் போனா அதையும் எழுதிடுவா."