புதன்கிழமை போன இடம்

ஐஸ் பெட்டி வந்து இறங்கிவிட்டது, அம்மாவின் உடலுக்குச் சீக்கிரம் சேலையை மாற்ற வேண்டும் என்று ஜெபமலர் அவசரப்படுத்தினாள். ரெம்யா அலமாரியைத் திறந்து நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலையை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். சபையின் பெண்கள் சங்கத்தில் அம்மாவுக்குக் கொடுத்த இரண்டு சேலைகளில் ஒன்று. மற்றொன்றை நேற்று உடுத்திக்கொண்டு போனாள். அது ஆஸ்பத்திரியில் கொடுத்த பையில் கிடந்தது.

"சங்கச் சேலையே உடுத்துவோம், ஆன்ட்டி."

ஜெபமலர் அதைக் கையில் வாங்கவில்லை. பின்னால் நின்ற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் ரெம்யா கவனித்தாள். அவர்கள் எல்லோருடைய வெள்ளைச் சேலையிலும் கரை மெரூன் நிறம்.

"இது பழசாக்கும் மக்களே. மாத்தி ரெண்டு வருசம் ஆவப்போவுது."

"அம்மாவுக்குப் புதுசு குடுக்கலியா?"

"எலிசாள் இப்போ சங்கத்துக்கு வாறதில்லியே. உங்கிட்ட சொன்னதில்லியா?"

வாசலில் மாலையோடு நின்ற அப்பா அருமைநாயகத்தின் காதில் அது விழுந்தது. மாலையை நாற்காலியின் கைப்பிடியில் தொங்கவிட்டுவிட்டுப் பின்பக்கம் போனார். ரெம்யா, அம்மா ஒரு கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள்.

அவர் குழாயைத் திறந்துவிட்டு, முகம் கழுவாமல் நின்றார்.

"எல்லா புதனும் சங்கத்துக்குத்தானே போறேன்னு சொல்லிட்டுப் போவா?"

"ஆமாப்பா."

"பின்ன?"

நேற்று, புதன்கிழமை மத்தியானம், அம்மாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அம்மா இல்லை. "அக்கா விழுந்துட்டாவ, பெரியாஸ்பத்திரிக்கு வாங்க" என்றது ஒரு பெண்குரல். யார் என்று கேட்பதற்குள் அழைப்பு துண்டிக்கப்பட்டது. கேஷுவால்ட்டி வாசலில் காத்திருந்த ஆட்டோக்காரன், "தம்பானூர்ல லாட்ஜின்டெ படியில வீணதா" என்றான் மலையாளத்தில். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய லாட்ஜ் ஒன்றின் படியில் விழுந்தாளாம். அப்பா அவன் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். அம்மாவின் உயிர் போன பிறகு, கேட்டவர்களிடம் எல்லாம் ரோட்டில் விழுந்தாள் என்றே சொன்னார். லாட்ஜ் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

"உனக்கு ஏதாவது தெரியுமா? பொம்பளப் பிள்ளைக்கிட்டதானே சொல்லுவா."

"என்னப்பா கேக்குதிய?"

"நான் ஒண்ணும் கேக்கல்ல." குழாயை மூடினார்.

அம்மா போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் கூலிக்காரர்கள் வீட்டில் பிறந்தவள். சங்கத்தை நடத்துகிறவர்கள் சாலை பஜாரில் கடை வைத்திருப்பவர்களின் வீட்டுப் பெண்கள். அப்பா அதே பஜாரில் ஓர் இரும்புக்கடையில் பில் போடுகிறவர். ஒருமுறை மழையில் அம்மாவைக் கூட்டிவரப் போனபோது, சபை மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு அந்தப் பெண்கள் பேசிக்கொண்டிருந்ததை ரெம்யா பார்த்திருக்கிறாள். அம்மா பின்னால் தனியாக டீ கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். "எனக்கு உக்காந்து கத பேசினா தூக்கம் வரும்" என்று சிரித்தாள். ரெம்யா அதை நம்பிவிட்டாள்.

முன்னறைக்குத் திரும்பும்போது அந்தப் பெண்களின் பேச்சு சட்டென்று நின்றது. லாட்ஜ் என்ற சொல்லில் நின்றது அவளுக்குக் கேட்டுவிட்டது. ஆட்டோக்காரன் வேறு யாரிடமும் சொல்லியிருப்பானோ?

ஜெபமலர் அம்மாவின் முந்தானையைச் சரிசெய்துகொண்டே கேட்டாள். "தம்பானூர்ல உங்களுக்கு ஆராவது சொந்தக்காரவிய உண்டா மக்களே?"

"எதுக்கு ஆன்ட்டி?"

"சும்மா கேட்டேன்."

இவர்கள் துக்கத்துக்கு வரவில்லை, துப்புத் துலக்க வந்திருக்கிறார்கள் என்று ரெம்யாவுக்குத் தோன்றியது. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எங்கே போனாய் என்று அவளுக்கும்தான் அம்மாவிடம் கேட்க வேண்டியிருந்தது. அந்தக் கேள்வி மனதில் வந்ததே அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பத்து மணிக்கு மேல், செருப்புகள் கிடந்த இடத்தில் மூன்று பெண்கள் வந்து நின்றார்கள். ஒரே மாதிரி சாம்பல்நிறச் சட்டை, சேலைக்கு மேலே. உள்ளே வராமல் எட்டி எட்டிப் பார்த்தார்கள். சங்கத்துப் பெண்கள் அவர்களை மேலும் கீழும் பார்த்தார்கள். அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். ரெம்யாவும் ஓடினாள்.

"ஆரு நீங்க?"

"என் பேரு மாடம்மா. நேத்து போன் பண்ணது நாந்தான். ஆட்டோவுல நாந்தான் ஏத்திட்டு வந்தேன். பாதியில மேனேசர் கூப்பிட்டு, உடனே வரலன்னா வேல கெடையாதுன்னுட்டாரு. எறங்கிப் போயிட்டேன்." அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தப்புதான். வீடு எங்கன்னு அந்த ஆட்டோக்காரர்கிட்டதான் கேட்டு வந்தோம்."

"எந்த மேனேசர்?"

"லாட்ஜு மேனேசர். நாங்க அங்க ரூம் துடைக்கவங்க."

அந்தச் சொல் வாசலில் எல்லோருக்கும் கேட்டது. அப்பாவின் குரல் தாழ்ந்தது.

"அவ அங்க எதுக்கு வருவா?"

"எங்கள பாக்கத்தான். மொட்டமாடியில துணி காயப்போடுவோம்லா. கூட நின்னு போர்வ மடிச்சுத் தருவாவ. டீ குடிப்போம். பொழுது எறங்கப் போயிருவாவ."

"வேற ஆரு உண்டு அங்க?"

மாடம்மாளுக்குக் கேள்வி புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவள் அவரை நேராகப் பார்த்தாள்.

"நாங்க மூணு பேரு. அப்புறம் கொடியும் துணியும். மொட்டமாடிக்கு வேற எவன் வருவான், அண்ணாச்சி?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ரெம்யா மாடம்மாளின் கையைப் பிடித்தாள். உள்ளங்கை சோப்புப் பொடியில் வெளிறி, சுருங்கியிருந்தது.

"எப்படிப் பழக்கம், அக்கா?"

"அது ஒரு மழ நாளு. சபையிலேருந்து நாகர்கோயில் கூட்டத்துக்கு வேன் போச்சாம். தம்பானூர்ல வந்து ஏறச் சொன்னாவளாம். அக்கா பையோட நிக்குதாவ, வேனக் காணல. நனையாதீங்கன்னு நாந்தான் மேல கூப்பிட்டேன். வேன் நேரம் தப்பி முன்னாடியே போயிட்டு போலன்னாவ. பாவம், அப்பயும், கூட்டாளிமாரெல்லாம் என்னத் தேடுவாவளேன்னுதான் வருத்தப்பட்டாவ."

சங்கத்துப் பெண்களில் ஒருத்தி பாட்டுப் புத்தகத்தைத் திறந்து குனிந்துகொண்டாள்.

ரெம்யா மூன்று பேரையும் உள்ளே அழைத்து வந்தாள். மாடம்மாள் பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்து வாய்விட்டு அழுதாள். பிறகு சுற்றிலும் பார்த்து, வெள்ளைச் சேலைக்காரிகளிடம் கேட்டாள்.

"இதுல ஜெபமலர்ங்கது ஆரு?"

ஜெபமலர் மெல்ல, "நான்" என்றாள்.

மாடம்மாள் போய் அவளுடைய இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். "நீங்கதானா? எப்பவும் உங்க பேச்சுதான். ஜெபமலருக்கு என்ன விட்டா ஆளில்ல, நான் இல்லாம ஒரு காரியம் நடத்தமாட்டாம்பாவ. உங்களுக்கு எப்படி இருக்குமோ, தாயி."

ஜெபமலர் கைகளை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். மாடம்மாள் விடவில்லை. "அன்னைக்கு வேன்ல..." என்று ரெம்யாவைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தாள் ஜெபமலர். "இடம் இல்லேன்னு நாங்கதான்..." ரெம்யா அவளுக்கு உதவவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜெபமலர் சுவரோரமாகச் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். அவள் அழுகிறாளா, முகத்தை மறைக்கிறாளா என்று ரெம்யாவால் சொல்ல முடியவில்லை.

போதகர் வந்தார். கல்லறைத் தோட்டத்தில் நேரம் சொல்லியிருக்கிறது, ஆராதனையைத் தொடங்கலாம் என்றார். வெளியே நின்ற ஆண்கள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

அப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிவந்து மாடம்மாளுக்குப் பெட்டியின் தலைமாட்டில் போட்டார். அவள் தயங்கி, நுனியில் உட்கார்ந்தாள். அவர் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அங்க அவ பேசுவாளா? வீட்டுல கேட்டதுக்குப் பதில் சொல்லுவா. அம்புடுதான்."

"யம்மா! வாயி ஓயாது. மேனேசர் நடக்க மாதிரி நடந்து காட்டுவாவ பாருங்க, நாங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுக் கெடப்போம்."

"நடந்து காட்டுவாளா?"

"ஆமா. கைய இப்படிப் பின்னால கட்டிக்கிட்டு."

"எப்படி?"

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ரெம்யாவைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று அவள் கையைக் காட்டினாள். மாடம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.