குரு சுமந்து வந்தவன்

எல்லையில் செத்துப்போன குருவுக்கு ஊரே சேர்ந்து கல் நடப் போகிறது. அரூர்ப் பக்கம் சண்டையில் விழுந்தவனுக்கு ஏரிக்கரையில் கல் நட்டு, வேடியப்பன் என்று கும்பிடுவது எந்தக் காலத்திலோ தொடங்கிய வழக்கம். அப்படியொரு கல் தன் புருஷனுக்கும் கிடைப்பதில் பானுமதிக்குப் பெருமைதான். குருவின் அண்ணன் பிரபாகர் முன்னின்று, கல்லில் செதுக்க ஒரு படம் வரையச் சொல்லி வாங்கியிருந்தார். கையில் துப்பாக்கி, பூட்ஸ் காலடியில் எதிரி.

துக்கம் கேட்க வந்த கலைமணி அந்தப் படத்தைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். குருவோடு ஒரே படைப்பிரிவில் இருந்தவன் அவன்.

"அப்படி நடக்கலைங்க அண்ணி. சண்டை ஓஞ்சிருந்துச்சு. எதிரிப் பக்கத்துப் பையன் ஒருத்தன் நடுவுல அடிபட்டுக் கெடந்து அம்மாவைக் கூப்ட்டுக்கிட்டே இருந்தான். போகக்கூடாதுன்னு ஆபீசர் ஆர்டர். குரு அண்ணன் துப்பாக்கிய வெச்சிட்டுப் போயி முதுகுல தூக்கியாந்தாரு. வழியில குண்டு விழுந்துச்சு. பையன் மேல கவுந்து படுத்துட்டாரு. அவன் பொழச்சிக்கிட்டான். நாங்க யாரும் வெளிய சொல்லலைங்க."

பானுமதிக்கு முதலில் வந்தது கோபம். என்னையும் பெத்த மகளையும் நினைக்கவில்லையே இந்த மனுஷன்! அப்புறம்தான் உடம்பு சிலிர்த்தது. ஒரு சாண் வரப்புக்காகக் கூடப்பிறந்த அண்ணனோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தவன். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று அவளே வாய்நிறையத் திட்டியிருக்கிறாள். அவனா பேர் தெரியாத ஒருவனுக்கு உயிரைக் கொடுத்தான்? இவ்வளவு பெரிய ஆளோடா இத்தனை நாள் குடித்தனம் நடத்தினோம் என்று மலைப்பாக இருந்தது.

"மாமா, காலடியில ஆள் வேணாங்க. முதுகுல தூக்கி வர்ற மாதிரி அடிக்கச் சொல்லுங்க."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பிரபாகர் பதறிப்போனார். "வெளிய சொல்லிடாத பானு! ஆர்டரை மீறி எதிரியத் தூக்குனான்னு தெரிஞ்சா தேசத்துரோகிம்பாங்க. ஊரு கல்லே நடாது."

"நடாட்டிப் போவுதுங்க. எங்க காட்டுல நான் நட்டுக்கறேன்."



மறுநாள் கல்பட்டறைக்கு அவளும் கலைமணியும் மட்டும் போனார்கள். குருவின் முகத்துக்குப் போன வருஷத்துப் போட்டோ ஆசாரியிடம் ஏற்கெனவே இருந்தது.

"தூக்கி வர்ற பையன் மொகம் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டார் அவர்.

கலைமணிக்குத் தெரியவில்லை. முகமெல்லாம் புழுதியும் ரத்தமுமாம். இருபது வயசுகூட இருக்காது என்றான்.

பானுமதி பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினாள். குரு பட்டாளத்தில் சேர்ந்தபோது எடுத்தது. அரும்பு மீசை, பெரிய தொப்பி, மிரண்ட கண்.

"இந்த மொகத்தையே வெச்சிருங்க."