கடைசி ஸ்டாப்பைத் தாண்டிய கட்டுரை

நூலகக் கட்டுரைப் போட்டியில் வருடா வருடம் முதல் பரிசை அள்ளிக்கொண்டு போகிறவர் என் சம்பந்தி. பரிசு என்னவோ ஒரு பித்தளைக் கோப்பைதான். ஆனால் நான் எப்போது மகளைப் பார்க்கப் போனாலும், மனிதர் அதைத் துடைத்தபடியேதான் வாசலுக்கு வருவார்!

இந்தத் தடவை தலைப்பு, 'அக்கம்பக்கம்'. விடுவேனா? எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் கெட்டுப்போனதும் படியேறிப் படியேறி அண்டை வீட்டார் அத்தனை பேரோடும் நான் ஒட்டிக்கொண்ட கதையை எழுதினேன். பேனா தீப்பிடிக்காத குறை. முடிவுரையில்தான் வண்டி படுத்துவிட்டது.

"என்னங்க இது, எல்லாம் மறுபடி முதல்லேர்ந்து வருது?" என்றாள் மனைவி.

"முடிவுரைன்னா சொன்னதச் சுருக்கிச் சொல்லணும்டி."

"ரெண்டு பக்கம் சுருக்கமா? பஸ் ஓட்டின புத்தி போகுதா பாருங்க! கடைசி ஸ்டாப்ல ஜனமெல்லாம் இறங்கியாச்சு. காலி பஸ்ஸத் திருப்பி, ஒவ்வொரு ஸ்டாப்பா நிறுத்திக்கிட்டு வர்றீங்க!"

அடித்துவிட்டு, உலக சமாதானம் பற்றி ஒரு பத்தி எழுதினேன்.

"இது வேற ரூட்டு. வாங்கின டிக்கெட்டுக்கு அங்கல்லாம் போகாது."

ஐந்து மணிக்கு நூலகம் மூடிவிடும். முடிவில்லாத கட்டுரையை அள்ளிக்கொண்டு ஓடினேன். அன்று காலைதான் பழுது பார்த்த லிஃப்ட், வாயைத் திறந்து நின்றது. கூடவே வந்த மனைவி உள்ளே ஏறிவிட்டாள். என் கால் நேரே படிக்குப் போயிற்று.

"அதான் சரியாயிடுச்சே! எங்க போறீங்க?"

"கீழ் வீட்டு டெய்லர்கிட்ட ஒரு வார்த்தை பேசாம எப்படிடி..."

நின்றேன். உடம்பெல்லாம் மின்சாரம்! "அடியே, திரும்பி நில்லு!" அவள் முதுகையே மேசையாக்கி எழுதினேன்: 'லிஃப்ட் இன்று சரியாகிவிட்டது. நான் படியில்தான் இறங்குகிறேன்.'

"கூசுதுங்க! முடிஞ்சுதா?"

"முடிஞ்சேபோச்சு!"

நூலகத்தில் சம்பந்தி, தன் கட்டுரையோடு போட்டிப் பெட்டியருகே நின்றிருந்தார். என்னுடையதை வாங்கி, உதட்டில் ஒரு நக்கல் சிரிப்போடு படித்துக்கொண்டே போனார். கடைசி வரி வந்ததும் தாளைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமை. மறுபடி கடைசி வரிக்கு வந்தார். சிரிப்பு எங்கே போயிற்றோ!

"இவ்வளவுதானா சம்பந்தி?"

"இறங்கிட்டேன் சம்பந்தி."

அவர் தன் கட்டுரையின் கடைசிப் பக்கத்தை எடுத்து, 'ஆகவே, மேற்கூறியவற்றால்' என்று தொடங்கிய பத்தியைத் தலைமுதல் கால்வரை அடித்ததில் பேனா வறண்டுபோக, "உங்க பேனாவுல மை இருக்கா?" என்றார்.

என்னிடம் நிறையவே இருந்தது. கொடுப்பேனா?