சுண்ண நிலவில் ஒரு காந்தம்

டமார்! வெடுக்கென்று இழுத்த வேகத்தில் மேசை இழுப்பறை கையோடு வந்து கல்தரையில் விழுந்தது. ஆணியும் கம்பிச்சுருளும் சிதறி ஓடின. காந்தத்தை மட்டும் காணோம்.

விரிவுரையாளர் ஜெகபர் அலிக்குக் கோட்டுக்குள் வியர்த்தது. கல்லூரிக் கண்காட்சி திறக்க அரைமணிதான் இருந்தது.

போன மாதம், 1969 நவம்பரில், நிலவில் இறங்கியவர்கள் வைத்த கருவி, அங்கே ஓரிடத்தில் காந்தப்புலம் இருப்பதாகக் காட்டியிருந்தது. நிலவு முழுவதற்கும் காந்தம் இல்லை. திட்டுத் திட்டாக இருக்கலாம். சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்று மற்ற இடங்களில் நேரே தரையில் மோதும்; அந்தத் திட்டுகளில் சற்று விலகிப் போகக்கூடும். இதை விளக்கத்தான் சுண்ணத்தால் நிலவு செய்து, பூட்டுப் பட்டறையிலிருந்து இரும்பு அரப்பொடியும் கொண்டுவந்திருந்தார். விரல்நீள வெளிநாட்டுக் காந்தத்தை உருண்டைக்குள் பதிப்பதுதான் பாக்கி.

ஆய்வகப் பூட்டுக்கு இரண்டே சாவி. ஒன்று அவரிடம், மற்றது வாசலில் நின்ற அட்டெண்டர் சூசைராஜிடம்.

திசைகாட்டியை எடுத்து உருண்டைமேல் குனிந்தார். முள் வெட்டி ஆடியது.

"காந்தத்த இதுக்குள்ளதான் ஒளிச்சு வச்சிருக்க! கண்காட்சி முடிஞ்சு குப்பைக்குக் கொண்டுபோறவனும் நீதான. நல்ல ஏற்பாடுலே!"

"யாத்தே! பதினெட்டு வருச சர்வீசு சார். ஒரு குண்டூசி எடுத்திருப்பேனா?"

"பிரின்சிபால் வரட்டும். இன்னியோட உன் வேலை போச்சு."

உருண்டையை உடைக்கச் சுத்தியலை ஓங்கினார். சூசைராஜ் உருண்டையைக் கட்டிக்கொண்டான்.

"செத்த நேரம் பொறுங்க சார். முள்ளு ஆடுனா மொதல்ல நம்ம கையில இருக்க இரும்பச் சந்தேகப்படணும்னு கிளாசுல நீங்கதான சொன்னீங்க? அதக் கொண்டாங்க."

திசைகாட்டியை வாங்கி, அவரை எட்டி நிற்க வைத்து, உருண்டையை ஒட்டியே சுற்றி வந்தான். முள் வடக்கை விட்டு அசையவில்லை.

"இப்ப நீங்க கிட்ட வாங்க."

ஜெகபர் அலி நெருங்கினார். முள் துள்ளியது. மறுபக்கம் போனார், அதுவும் அவரோடு திரும்பியது. நடிக்கிறானா இவன்? கையைத் தட்டிக் காட்டினார். வெறுங்கை. முள் கையைப் பார்க்கவில்லை. அவர் நெஞ்சைப் பார்த்தது.

சூசைராஜ் அந்தக் கோட்டின் நெஞ்சுப் பையையே உற்றுப் பார்த்தான்.

"ஞாயித்துக்கெழம இதே கோட்டப் போட்டுக்கிட்டு என் மச்சான் பூட்டுப் பட்டறைக்கு வந்தீகளாம்ல. அம்புட்டு அரப்பொடியையும் எத வச்சு சார் அள்ளுனீக?"