கொலை இல்லையாம்

நெரிஸ் நல்ல பெண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் நன்றிகெட்டவள் என்று பேச்சு வரக்கூடாது. வெளிநாட்டில் கொலையானவர்களின் குடும்பங்களுக்கென்று இருக்கிற உதவி அமைப்புதான் அவளை என்னிடம் அனுப்பியது. என் மகன் ரோட்ரியை வெளிநாட்டுச் சுற்றுலாத் தீவொன்றில் ஒரு மதுக்கூடத்தின் காவலாட்கள் மூன்று பேர் அடித்துக் கொன்ற மறுவாரமே வந்துவிட்டாள். உடலை எங்கள் ஊரான ஸ்வான்சீக்குக் கொண்டுவர அலைந்தது அவள்தான், அடக்கத்தன்று மழையில் எனக்குக் குடை பிடித்ததும் அவள்தான். தீவில் நடந்த விசாரணைக்கும் கூடவே வந்து, மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் சொந்தத் தங்கை வந்தாளா? பூங்கொத்து அனுப்பினாள்.

தீர்ப்பு வந்தது. அடித்தது உண்மைதானாம். ஆனால் அடிவாங்கியவன் எழுந்து, தானாக மொட்டைமாடிக்கு ஏறி, தவறி விழுந்து செத்தானாம். விலா எலும்பு ஒடிந்தவன் நான்கு மாடி ஏறினானாம், கேட்கிறவள் கேனச்சியா? மூன்று பேரும் விடுதலையாகி வெளியே வந்து நீதிமன்ற வாசலிலேயே சிகரெட் பற்றவைத்தார்கள். மேல்முறையீட்டுக்கு ஒரு மாதம் இருக்கிறது, விடக்கூடாது என்றாள் நெரிஸ். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் ஊர் திரும்பினேன்.

அடுத்த வாரம் வந்தவள் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டீ வேண்டாம் என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் நல்ல சேதியோடு வருகிறவர் யாரும் டீ வேண்டாம் என்பதில்லை.

"மேலிடத்துல ஃபைலை மூடச் சொல்லிட்டாங்க, க்ளெனிஸ். தீர்ப்புப்படி இது கொலை இல்லையே. கொலைன்னாதான் நாங்க செய்ய முடியும்."

"கொலைன்னு நிரூபிக்கத்தானே அப்பீல் போடணும்?"

"ஆமா."

"அப்பீல் போடத்தானே உங்க உதவி வேணும்?"

"ஆமா," என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு.

"நல்லா இருக்குடி உங்க நியாயம்."

அழுதாள். நான்தான் தண்ணீர் கொடுத்துத் தேற்ற வேண்டியிருந்தது. விபத்தில் போனவர்களின் குடும்பங்களுக்கு வேறொரு அமைப்பு இருக்கிறது என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனாள். கூப்பிட்டேன். மனம்விட்டுப் பேச ஆள் அனுப்புவோம், வக்கீல் தரமாட்டோம் என்றார்கள். பேசவா எனக்கு ஆள் இல்லை?

தீவில் எங்களுக்காக வாதாடிய வக்கீலுக்குக் கட்டணம் கொடுத்து வந்தது நெரிஸின் அமைப்பு. அது நின்றதும் அவர் போன் எடுப்பதும் நின்றது. தீர்ப்பு நகலின் மேல் கைப்பேசியைப் பிடித்து மொழிபெயர்க்கப் பார்த்தேன். 'கட்டடம் இளைஞனை ஏற்றுக்கொள்ளவில்லை' என்று வந்தது. இதை வைத்துக்கொண்டு நான் எந்த நீதிபதியிடம் போய் நிற்பது? நாயாய் அலைந்தேன், ஒன்றும் நடக்கவில்லை. மாதம் முடிந்தது. மூன்று பேரும் அதே மதுக்கூட வாசலில் மறுபடி வேலைக்கு நிற்பதாகக் கேள்வி.

கெடு முடிந்த மறுநாள் ஒரு போன். நெரிஸின் அமைப்பிலிருந்துதான், சின்னப் பெண்ணின் குரல். உதவி பெற்றவர்களிடம் கருத்துக் கேட்கிறார்களாம். நெரிஸைப் பற்றி நல்லபடியாகவே சொன்னேன், அவள் வேலைக்கு உலை வைப்பானேன். கடைசியாக, "என்ன சரியா நடந்திருந்தா உங்களுக்கு இன்னும் உதவியா இருந்திருக்கும்?" என்று கேட்டாள்.

"உங்க மேல ஒரு குறையும் இல்லம்மா," என்றேன். "அந்த மூணு பேருதான் எம்மவனை இன்னும் கொஞ்சம் தெளிவா கொன்னிருக்கணும்."

அவள் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. பிறகு, இதைப் படிவத்தில் 'மற்றவை' என்ற கட்டத்தில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

போட்டுக்கொள் என்றேன்.