ஜிஞ்சரின் புது வித்தை

லிங்கராஜபுரத்து வீட்டின் கார் ஷெட்டைக் காலையும் மாலையும் பினாயில் ஊற்றிக் கழுவியே டீனாவுக்கு இடுப்பு விட்டுப்போனது. அவர்கள் வீட்டு லேப்ரடார் ஜிஞ்சர் தார் போலக் கறுப்பாகக் கழிந்து வைத்திருந்தான். அந்த வீச்சம் எத்தனை சோப்பு போட்டாலும் கையை விடவில்லை. சோறு பிசைந்தால் குமட்டியது.

"ஈரல் அவிச்சுப் போடாதேன்னு சொன்னேன்ல? அதான் கறுப்பாப் போவுது," என்றான் புருஷன் டிரேவர். பழியைத் தூக்கி அவள் தலையில் போட்டாயிற்று.

டிரேவரின் கவலையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பற்றித்தான். அன்று பங்குக் கோயிலில் செல்லப் பிராணிகளை ஆசீர்வதிப்பார்கள். போன வருடம் ஜிஞ்சர் ஃபாதருக்குக் கை கொடுத்துக் கைதட்டல் வாங்கியிருந்தான். இந்த வருடம் பார்த்துப் பின்னங்கால் நொண்டியது. டாக்டரிடம் போகலாம் என்று டீனா கெஞ்சினாள். "அதுவா சரியாப் போயிடும்," என்றான் டிரேவர். அவன் சொன்னபடியே நொண்டலும் நின்றது. போதாததற்கு ஒரு புது வித்தையும் பழக்கியிருந்தான்: முகத்தருகே அவன் கையைக் கொண்டுபோனால் ஜிஞ்சர் தானாக வாயைத் திறந்து நாக்கை நீட்டுவான்.

"பிஸ்கட் போடறேன். ஃபாதர் அசந்துடுவார் பாரு."

ஞாயிறன்று ஃபாதர் தீர்த்தம் தெளித்தபோது ஜிஞ்சர் கை கொடுக்கவில்லை. காப்பித்தூள் கரைத்தது போல ரத்தம் கலந்து அவர் அங்கி விளிம்பில் வாந்தி எடுத்தான். கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகியது.

"மானத்த வாங்கிடுச்சு," என்று பல்லைக் கடித்தான் டிரேவர். நாய் சாகக் கிடக்கிறது, இவனுக்கு மானம்!

கிளினிக்கில் டாக்டர் தர்ஷினி, ஜிஞ்சரின் வெளுத்த ஈறைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க சாப்பிடற வலி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா? வயித்துல புண்ணாகி ரத்தம் கசியுது போல. மறைக்காம சொல்லுங்க."

"சத்தியமா இல்ல டாக்டர். இவ போட்ட ஈரல்தான்." சொல்லிக்கொண்டே தடவிக் கொடுக்கக் கையை நாயின் முகத்தருகே கொண்டுபோனான்.

தலை தூக்க மாட்டாமல் கிடந்த ஜிஞ்சர் அந்தக் கையைப் பார்த்ததும் வாயைத் திறந்தான். நாக்கை நீட்டினான். அப்படியே காத்திருந்தான்.

அது பிஸ்கட்டுக்குப் பழகிய வாயல்ல என்று டீனாவுக்கு உறைத்தது. டிரேவரின் சட்டைப் பைக்குள் கையை விட்டு, அவன் முழங்கால் வலிக்குப் போடும் மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வீசினாள். பாதிக்கு மேல் காலி.

"நானே தினம் போடறேன், எனக்கு என்ன ஆச்சு?" என்றான் அவன்.

"சீ!" என்றாள் டீனா.

டிரிப் ஏற்றியும் பயனில்லை. புண் வயிற்றைத் துளைத்துவிட்டிருந்தது. மறுநாள் மதியம் ஜிஞ்சர் செத்துப்போனான்.

அடுத்த ஞாயிறு பூசையில், ஃபாதர் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம் வாங்கும் வரிசையில் டிரேவர் அவளுக்கு முன்னால் நின்றான். பார்க்கிறவர்கள் மெச்சும்படி கை கூப்பி, கண்ணை மூடி, ஃபாதரின் கை நெருங்கியதும் நாக்கை நீட்டினான்.

டீனா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.